மாண்டானா – யங் போட்டியில் உண்மையில் ஜெயித்தது யார்?

கேள்வியில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. அமெரிக்கன் ஃபுட்பாலில் ஒரே அணியில் இரண்டு நல்ல குவார்ட்டர்பேக்குகள் இருந்தால் யார் ஆடுவது என்று எப்படி முடிவாகிறது? அடிக்கடி உதாரணம் காட்டப்படும், சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ் (சுருக்கமாக நைனர்ஸ்) அணியின் ஜோ மாண்டானா – ஸ்டீவ் யங் விவகாரத்தில் ஜெயித்தது யார்? இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். யாரும் யாரையும் ஜெயிக்கவில்லை. மாண்டானாவின் வலது முழங்கை கைவிட்டது, அவ்வளவுதான். யங் நான்கு வருடம் காத்திருந்தார். அந்த நான்கு வருடத்தில் ஒருநாள்கூட மாண்டானாவை ஆட்டத்தால் வெளியேற்றியதாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் காத்திருப்பு இல்லாவிட்டால் பிற்கால யங் கிடைத்திருப்பாரா என்பதும் சந்தேகம்தான்.

இந்த விளையாட்டை அதிகம் பார்க்காதவர்களுக்காக ஒரு விளக்கம். தாக்குதல் ஆட்டத்தில் ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் பந்து முதலில் குவார்ட்டர்பேக்கின் கைக்குத்தான் வரும். எறிவதா, பக்கத்தில் ஓடுபவரிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா என்பதை அவர்தான் செய்து முடிக்க வேண்டும். அந்த இடத்தில் ஒரு நேரத்தில் ஒருவர்தான். கிரிக்கெட்டில் இரண்டு கீப்பர்கள் இருந்தால் ஒருவரை வெறும் பேட்ஸ்மேனாக இறக்கிவிடலாம். இங்கே அந்தச் சமாதானத்துக்கு வழியே கிடையாது. இரண்டாமவர் தொப்பி போட்டுக்கொண்டு எல்லைக் கோட்டுக்கு வெளியே நிற்பார்.

சரி, பகிர்ந்து ஆடவைத்தால் என்ன? ஆளுக்கு ஒரு பாதி? பார்ப்பவர்கள் எல்லோருக்கும் தோன்றுவதுதான் இது. ஆனால் பிரச்சினை ஆட்ட நாளில் இல்லை, புதன் முதல் வெள்ளி வரை நடக்கும் பயிற்சியில் இருக்கிறது. ஒரு வாரத்தில் முதல் அணியோடு சேர்ந்து ஆடிப் பார்க்கும் வாய்ப்புகள் குறைவு. எறியும் பந்தை ஓடிப்போய்ப் பிடிக்கும் ரிசீவர் திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே பந்து கையை விட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். அவர் எத்தனையாவது அடியில் திரும்புவார் என்பது எறிபவரின் உடம்பில் ஊறியிருக்க வேண்டும். முன்வரிசையில் நிற்கும் பெரிய ஆட்களும் குவார்ட்டர்பேக்கின் குரல் ஏறி இறங்குவதைக் கேட்டுத்தான் நகர்கிறார்கள். வேறு குரல் வந்தால் அரை நொடி பிசகும். அதனால் பயிற்சி வாய்ப்புகளை இரண்டாகப் பிரித்தால், ஞாயிற்றுக்கிழமை இரண்டு அரைகுறைகள்தான் மிஞ்சும். பெரும்பாலான பயிற்சியாளர்கள் ஆகஸ்டிலேயே ஒருவர் பெயரைச் சொல்லிவிடுவது இதனால்தான்.

2001-இல் நியூ இங்லண்ட் அணியில் நடந்ததற்கும் அடிப்படை இதே கணக்குதான். ட்ரூ ப்ளெட்சோ அந்த அணியின் நட்சத்திரம். அந்த வருடம் மார்ச்சில்தான் 10 வருடத்துக்குச் சுமார் 10 கோடி டாலர் அளவில் ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். செப்டம்பர் 23 அன்று நியூயார்க் ஜெட்ஸின் மோ லூயிஸ் மோதியதில் அவருக்கு உள்ளுக்குள் ரத்தக்கசிவு. டாம் பிரேடி இறங்கினார். நவம்பரில் ப்ளெட்சோ குணமாகி வந்தபோது, பயிற்சியாளர் பில் பெலிச்செக் இருவரையும் தயார்படுத்த முடியாது என்று சொல்லி பிரேடியையே வைத்துக்கொண்டார். யார் திறமைசாலி என்ற விவாதத்துக்குள் அவர் போகவே இல்லை. பயிற்சியில் பந்து யார் கைக்குப் போகும் என்பதைத்தான் தீர்த்துவைத்தார்.

உண்மையான, நேருக்கு நேர் போட்டி என்று பார்த்தால் 2012-இல் சியாட்டில் அணியில் நடந்ததைச் சொல்லலாம். மேட் ஃப்ளின்னைப் பணம் கொடுத்து வெளியிலிருந்து கொண்டுவந்தார்கள். ரஸ்ஸல் வில்சன், புது வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் வருடாந்திர வரைவில் (டிராஃப்ட்) மூன்றாவது சுற்றில் எடுத்த புதுப் பையன். பீட் கேரல் இருவருக்கும் வாய்ப்பைப் பிரித்துக் கொடுத்தார். முன்சீசன் ஆட்டங்களில் வில்சன் வெளுத்து வாங்க, சீசன் தொடங்குவதற்குள் இடம் அவருக்குப் போய்விட்டது. சுத்தமாக முடிந்த கதை. அப்படிச் சுத்தமாக முடிவது அபூர்வம்.

மாண்டானா – யங் கதை அப்படி இல்லை. அதில் வில்லன் இல்லை, ஆனால் குழப்பத்துக்கு ஒரு சூத்திரதாரி உண்டு. பயிற்சியாளர் பில் வால்ஷ்.

மாண்டானாவை 1979-இல் மூன்றாவது சுற்றில், 82-வது ஆளாக எடுத்தவரே வால்ஷ்தான். கைவலு சுமார், உடம்பு ஒல்லி என்று மற்றவர்கள் ஒதுக்கிய ஆள். வால்ஷின் ஆட்டமுறைக்குக் கைவலுவைவிடக் கால்களும் கண்ணும்தான் முக்கியம். மூன்று அடி அல்லது ஐந்து அடி பின்வாங்கி, கடைசி அடி தரையில் பட்டதும் பந்து கிளம்ப வேண்டும். முதல் ஆள் அடைபட்டிருந்தால் இரண்டாவது ஆள், அவரும் இல்லாவிட்டால் மூன்றாவது ஆள் என்று பார்வை வரிசையாக நகர வேண்டும். மாண்டானா அதற்கென்றே பிறந்தவர் போல ஆடினார். 1981, 1984 சீசன்களுக்கு, லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் இரண்டு கோப்பைகள்.

1986 சீசனின் முதல் ஆட்டத்திலேயே அவருடைய முதுகு போய்விட்டது. அறுவை சிகிச்சை. இனி ஆட வேண்டாம் என்று மருத்துவத் தரப்பிலிருந்தே அறிவுரை வந்தது. அவர் கேட்கவில்லை, இரண்டு மாதத்துக்குள் திரும்பி வந்தார். ஆனால் 1987 ஜனவரியில் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியிடம் 49-3 என்று நைனர்ஸ் நொறுங்கிய ஆட்டத்தில், ஜிம் பர்ட் மோதியதில் நினைவு தப்பி மருத்துவமனைக்குப் போனார். வயது 30. வால்ஷின் இடத்தில் யார் இருந்தாலும் அடுத்த ஆளைத் தேடத்தான் செய்வார்கள்.

அப்போது டாம்பா பே அணியில் ஸ்டீவ் யங் திணறிக்கொண்டிருந்தார். பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் பெரிய பெயர், அந்தப் பல்கலைக்கழகம் யார் பெயரைத் தாங்கியிருக்கிறதோ அவருடைய நேரடி வம்சாவளி. இடதுகை. ஓட ஆரம்பித்தால் பிடிப்பது கஷ்டம். டாம்பாவில் தொடக்க ஆட்டக்காரராக 19 ஆட்டங்களில் 3 வெற்றிதான். அணியே தேறாத அணி. அந்த அணி 1987 வரைவில் வின்னி டெஸ்டவெர்டியை எடுக்க முடிவு செய்திருந்ததால் யங்கை விற்கத் தயாராக இருந்தது. இரண்டாவது, நான்காவது சுற்று வாய்ப்புகளைக் கொடுத்து வால்ஷ் வாங்கிவிட்டார். இந்த விளையாட்டின் வரலாற்றில் மலிவான கொள்முதல்களுக்கு ஒரு பட்டியல் போட்டால், என் கணக்கில் இது முதல் ஐந்துக்குள் வரும்.

யங் வந்தது மாண்டானாவின் காலம் முடியப்போகிறது என்ற எண்ணத்தில். வந்து பார்த்தால் அந்த மனிதர் பயிற்சியில் பந்தை ஊசிமுனையில் நிறுத்துகிறார். அந்த 1987 சீசனில் மாண்டானா 31 டச்டவுன் எறிந்தார் (எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் பந்தைச் சேர்ப்பதுதான் டச்டவுன்), லீகிலேயே அதிகம். யங்கும் கிடைத்த கொஞ்ச வாய்ப்பில் 10 டச்டவுன் எறிந்தார், ஒரு பந்தைக்கூட எதிரணி பறிக்கவில்லை. அணி 13-2, அதாவது 13 வெற்றி, 2 தோல்வி. எல்லாம் சுபம் என்று பார்த்தால், தோற்றால் வெளியேற வேண்டிய பிளேஆஃபில் 8-7 என்ற சாதாரணக் கணக்கோடு உள்ளே நுழைந்த மினசோட்டா வைக்கிங்ஸ் வந்தது. 1988 ஜனவரி 9, கேண்டில்ஸ்டிக் மைதானம், சொந்த மண். மாண்டானாவுக்கு எதுவும் ஓடவில்லை. மூன்றாம் கால்பகுதியில், காயம் எதுவும் இல்லாத நிலையில், வால்ஷ் அவரை உட்காரவைத்துவிட்டு யங்கை அனுப்பினார். யங் ஓடியும் எறிந்தும் ஆட்டத்துக்கு உயிர் கொடுத்தார். ஆனாலும் 36-24 தோல்வி.

விவகாரம் உண்மையில் தொடங்கியது அந்த மாலையில்தான். இரண்டு கோப்பை வாங்கிக் கொடுத்தவரை ஊரே பார்க்க உட்காரவைத்தது மாண்டானாவுக்கு ஆறாத காயம். யங்குக்கோ, ‘நம்மாலும் முடியும் என்று வால்ஷுக்கே தெரியும்’ என்ற நம்பிக்கை. அடுத்த சீசன் தொடங்கும் முன்பே, இடம் யாருக்கு என்பது திறந்த கேள்வி என்கிற தொனியில் வால்ஷ் பத்திரிகையாளர்களிடம் பேசிவைத்தார். தீயில் எண்ணெய் ஊற்றுவது என்றால் இதுதான். வேண்டுமென்றே செய்தார் என்றுதான் நான் நினைக்கிறேன். சாட்டையைக் கையில் வைத்திருப்பதோடு நிற்காமல் சுழற்றியும் காட்ட வேண்டும் என்று நம்பிய மனிதர் அவர்.

1988 சீசனை இந்தப் போட்டிக்காகவே தனியாகப் பார்க்கலாம். இரண்டாவது வாரம் ஜயன்ட்ஸுக்கு எதிராக யங்கைத் தொடக்கத்தில் இறக்கினார் வால்ஷ். இடைவேளைக்குப் பிறகு மாண்டானா வந்தார். ஒரு நிமிடம்கூட மிச்சமில்லாத நேரத்தில் ஜெர்ரி ரைஸுக்கு எறிந்த பந்து 78 கஜ டச்டவுன் ஆனது. 20-17 வெற்றி. மாண்டானா தரப்பு ஆட்கள் இன்றும் எடுத்துப் போடும் அத்தாட்சி இது.

யங் தரப்பு எடுத்துப் போடுவது அக்டோபர் 30. மாண்டானா காயத்தில் இருக்கிறார், எதிரில் அதே வைக்கிங்ஸ், நைனர்ஸ் பின்தங்கியிருக்கிறது, இரண்டு நிமிடம்கூட இல்லை. யங் எறிவதற்காகப் பின்வாங்குகிறார், நெருக்குகிறார்கள், தப்பித்து இடதுபக்கம் ஓட ஆரம்பிக்கிறார். பிடிக்க வந்தவர்கள் ஒவ்வொருவராகச் சறுக்குகிறார்கள். நடுவில் ஒருவர் பிடியிலிருந்து நழுவி மறுபடி திசை மாறுகிறார். 49 கஜம். கடைசிச் சில கஜங்களில் கால்கள் தளர்ந்து தள்ளாடி, விழுந்துகொண்டே கோட்டைத் தாண்டுகிறார். 24-21.

இந்த ஓட்டத்தைப் பார்த்துப் பிரமிக்காதவர் இருக்க முடியாது. ஆனால் வால்ஷ் ஆட்களின் கண்ணில் யங்கின் குறையும் இதில்தான் இருந்தது. முதல் ரிசீவர் அடைபட்டதுமே கால் ஓட்டத்துக்குத் தயாராகிவிடும். இரண்டாவது, மூன்றாவது ஆள் சும்மா கை தூக்கிக்கொண்டு நிற்பார்கள். டாம்பாவில் உயிர் பிழைக்க அந்தப் பழக்கம் வேண்டியிருந்தது. இங்கே அதை மறக்க வேண்டும். அடுத்த வாரமே பீனிக்ஸில் 23-0 என்று முன்னிலையில் இருந்த ஆட்டம் யங் கையில் 24-23 என்று பறிபோனது. அதற்கடுத்த வாரம் மாண்டானா திரும்பியும் ரெய்டர்ஸிடம் 9-3 தோல்வி. கணக்கு 6-5. சீசனே கைநழுவும் நிலை.

இங்கேதான் வால்ஷ் சாட்டையைக் கீழே வைத்தார் என்று சொல்லலாம். மாண்டானாவுக்கே முழுதாக விட்டார். அணி தேறி 10-6-இல் முடித்து, பிளேஆஃபில் வைக்கிங்ஸை 34-9 என்று பழிதீர்த்து, மயாமியில் சின்சினாட்டிக்கு எதிரான சூப்பர் பவுலுக்குப் போனது. கடைசி 3 நிமிடம் 10 நொடி, தன் எல்லையிலிருந்து 8 கஜத்தில் பந்து. 92 கஜம் நடத்திக் கொண்டுபோய் 34 நொடி மிச்சமிருக்க ஜான் டெய்லருக்கு டச்டவுன். 20-16. வால்ஷ் அத்தோடு ஓய்வுபெற்றார்.

போட்டிதான் மாண்டானாவை உசுப்பியது, அதனால்தான் அந்தக் கோப்பை என்று சிலர் வாதாடுவார்கள். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. ஒருவேளை உசுப்பியிருக்கலாம். ஆனால் ‘யார் வேண்டுமானாலும் ஆடலாம்’ என்றிருந்த வாரங்களில் அணி தடுமாறியது, கேள்விக்கு முற்றுப்புள்ளி வைத்த பிறகுதான் ஓடியது. யங்கை வாங்கியது வால்ஷின் மேதைமை. அதைவைத்து விளையாடியது தேவையற்ற வேலை.

ஜார்ஜ் சீஃபர்ட் பயிற்சியாளரானதும் குழப்பமே இல்லை. 1989, 1990 இரண்டு வருடமும் மாண்டானாதான் லீகின் சிறந்த வீரர், இரண்டு வருடமும் அணி 14-2. 1989 சீசனின் சூப்பர் பவுலில் டென்வரை 55-10 என்று துவைத்தார்கள், மாண்டானா 5 டச்டவுன். யங்குக்கு நான்கு சீசனிலும் சேர்த்துத் தொடக்க வாய்ப்பு 10 ஆட்டம்தான். அந்தக் காலத்தில் இன்னோர் அணியில் ராஜாவாக இருந்திருக்கக்கூடியவர் எழுதும் அட்டையோடு ஓரத்தில் நின்றார். பயிற்சியில் மாண்டானாவின் கண் எங்கே போகிறது, கால் எப்போது நிற்கிறது என்பதைப் பார்த்துக்கொண்டே நின்றார். இருவருக்கும் நட்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. மாண்டானா உட்காரவைத்துப் பாடம் எடுக்கவும் இல்லை. பார்த்துப் பொறுக்கிக்கொண்டதுதான்.

1991 ஜனவரி 20. சூப்பர் பவுலுக்கு ஒரு படி முன்னால், மறுபடி ஜயன்ட்ஸ். நான்காம் கால்பகுதியில் லெனார்ட் மார்ஷல் பின்பக்கமாக வந்து மோதினார். மாண்டானா எழுந்திருக்கவே நேரமானது. யங் உள்ளே வந்தார். நேரத்தைக் கடத்தினால் போதும் என்ற நிலையில் ரோஜர் க்ரெய்க் கையிலிருந்து பந்து நழுவ, 15-13 தோல்வி. அடுத்த முன்சீசனில் மாண்டானாவின் வலது முழங்கைத் தசைநார் கிழிந்தது. 1991 முழுக்கப் போயிற்று, 1992-உம் ஏறக்குறைய முழுக்கப் போயிற்று.

இடம் கிடைத்தும் யங்குக்கு நிம்மதி இல்லை. 1991-இல் அவருக்கே முழங்காலில் அடி. மூன்றாமவரான ஸ்டீவ் போனோ இறங்கி 6 ஆட்டத்தில் 5 ஜெயித்தார். ‘போனோவே போதுமே’ என்று பேச்சு கிளம்பியது! மாண்டானாவின் நிழல் போதாதென்று இது வேறு. 1992-இல் யங் எல்லா வாயையும் அடைத்தார்: 25 டச்டவுன், 14-2, லீகின் சிறந்த வீரர் விருது. அப்போதும் அந்த சீசனின் கடைசி ஆட்டத்தில், டெட்ராய்ட்டுக்கு எதிராக, இரண்டாம் பாதியில் மாண்டானாவை இறக்கினார்கள். எறிந்த 21-இல் 15 சேர்ந்தது, இரண்டு டச்டவுன். கேண்டில்ஸ்டிக் அதிர்ந்தது. ஏறக்குறைய மூன்று வாரம் கழித்து பிளேஆஃபில் டல்லாஸிடம் யங் தோற்றபோது, ரசிகர்களுக்கு யாரைக் குறை சொல்வது என்ற சந்தேகமே வரவில்லை.

1993 வசந்தத்தில் நடந்தது கொஞ்சம் அபத்தம். மாண்டானா கான்சஸ் சிட்டிக்குப் போக விரும்பினார், பேச்சும் முடிந்துவிட்டது. கடைசி நேரத்தில் சீஃபர்ட் அவரை ‘நியமிக்கப்பட்ட தொடக்க வீரர்’ என்று அறிவித்தார். நடப்பு சிறந்த வீரர் கூடத்தில் இருக்கும்போதே! உரிமையாளர் எடி டிபார்ட்டலோவுக்கு மாண்டானா மேல் இருந்த பாசமும் ஊர் கோபத்துக்குப் பயந்ததும்தான் காரணம் என்பது என் கணிப்பு. மாண்டானா புத்திசாலி, அந்த அறிவிப்பை நம்பாமல் கிளம்பிவிட்டார்.

1994 செப்டம்பர் 11 அன்று இருவரும் எதிரெதிர் அணியில் மோதினார்கள். கான்சஸ் சிட்டி 24-17. மாண்டானாவுக்கு வெற்றி, யங்குக்குப் பழைய தலைவலி. மூன்று வாரம் கழித்து பிலடெல்ஃபியாவிடம் 40-8 என்று அடிவாங்கிய ஆட்டத்தில் சீஃபர்ட் இவரை நடுவில் வெளியே எடுக்க, யங் ஓரத்தில் நின்று அவரைப் பார்த்துக் கத்தித் தீர்த்தார். ஏழு வருடம் வாயைத் திறக்காமல் இருந்தவர். அதற்குப் பிறகு அணி தொடர்ந்து 10 ஆட்டம் ஜெயித்தது. அந்த சீசனில் அவருடைய எறிதல் மதிப்பெண் 112.8. அதற்கு முந்தைய சாதனை 112.4, யாருடையது என்று கேட்கவே வேண்டாம். சூப்பர் பவுலில் சான் டியாகோவுக்கு எதிராக 6 டச்டவுன், மாண்டானாவின் ஐந்தைத் தாண்டி. முதுகில் உட்கார்ந்திருக்கும் குரங்கை யாராவது எடுங்கள் என்று அவரே கேட்டு, சக வீரர் ஒருவர் எடுப்பது போல நடித்த காட்சி அன்றுதான். மாண்டானா அடுத்த ஏப்ரலில் ஓய்வை அறிவித்தார்.

இப்போது இப்படி ஒன்று நடக்குமா என்று அடுத்துக் கேட்பீர்கள். இதே வடிவத்தில் நடக்காது. 1994-இல் சம்பள உச்சவரம்பு வந்தது. இரண்டு பெரிய சம்பளத்தை ஒரே இடத்தில் கட்டிவைத்தால் மற்ற இடங்களுக்குக் காசு இருக்காது. அதற்கு முந்தைய வருடமே வீரர்கள் ஒப்பந்தம் முடிந்ததும் விருப்பப்பட்ட அணிக்குப் போகும் சுதந்திரமும் வந்துவிட்டது. யங் மாதிரி ஒருவர் நான்கு வருடம் உட்கார மாட்டார். இன்று காத்திருப்பவர்கள் பெரும்பாலும் முதல் ஒப்பந்தத்தில், குறைந்த சம்பளத்தில் இருக்கும் இளைஞர்கள். கிரீன் பே அணியில் பிரெட் ஃபார்வ் பின்னால் ஆரன் ராட்ஜர்ஸ் மூன்று வருடம், அதே ராட்ஜர்ஸ் பின்னால் ஜோர்டான் லவ் மூன்று வருடம். காத்திருந்து கற்றுக்கொள்வது அங்கே இன்னமும் வேலை செய்கிறது. ஆனால் அதைப் போட்டி என்று சொல்ல முடியாது, வரிசை என்று வேண்டுமானால் சொல்லலாம்.

பழைய ஆட்டங்களைப் பார்க்க நேரமிருந்தால், 1988 வைக்கிங்ஸ் ஆட்டத்தில் அந்த ஓட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். அதற்கு முந்தைய தாக்குதல்களில் யங்கின் தலை எத்தனை முறை இரண்டாவது ரிசீவர் பக்கம் திரும்புகிறது என்று எண்ணுங்கள். பிறகு 1994 சீசனின் சூப்பர் பவுலைப் போட்டு, அதையே மறுபடி எண்ணுங்கள்.